கேட்காமல் விட்ட 252 பவுண்

நேயர்களுக்கு வணக்கம். அடுத்தது வருமான வரி பற்றிய உரை என்று அறிவிப்பாளர் சொன்னவுடனே சில வீடுகளில் வானொலியின் சத்தம் குறைந்திருக்கும். குறைக்காதவர்களுக்கு நன்றி. குறைத்தவர்களின் வீட்டில்தான் பெரும்பாலும் பணம் கிடக்கும் என்பது என் அனுபவம். பக்கத்து வீட்டுக்காரர்கள் பிறகு அவர்களுக்குச் சொல்லிவிடுங்கள்.

நான் கணக்காளராக இருந்து ஓய்வு பெற்றவன். சனிக்கிழமைகளில் பேரப்பிள்ளைகளைத் தமிழ்ப் பள்ளிக்குக் கூட்டிக்கொண்டு போவேன். அவர்கள் உள்ளே உயிரெழுத்து எழுதும் நேரத்தில் மண்டபத்து மூலையில் ஒரு மேசையைப் போட்டுக்கொண்டு, வருகிறவர்களுக்குக் கடிதம் வாசித்துச் சொல்வதும் படிவம் நிரப்பிக் கொடுப்பதும் வழக்கமாகிவிட்டது. ஒரு நாள் ஒரு தம்பதி வந்தார்கள். கணவருக்குப் பண்டகசாலையில் இரவு வேலை. நித்திரையில்லாமல் கண் சிவந்திருந்தது. கையில் ஒரு பழைய பிஸ்கட் டின். அதற்குள் ஓர் ஆண்டில் எடுத்த சம்பளத்தையும் கட்டிய வரியையும் காட்டும் பி60 தாள்கள், சம்பளச் சீட்டுகள், யாரோ எப்போதோ குத்திவைத்த ஊசியும் நூலும். அவர் கதிரையில் உட்கார்ந்து டின்னைத் திறந்தார். மனைவி சுவரோரம் நின்றார். “நீங்களும் இருங்கள் தங்கச்சி” என்றேன். “எனக்கு எதற்கு ஐயா கதிரை? எனக்குச் சம்பளமும் இல்லை, வரியும் இல்லை. அது அவருடைய அலுவல்தானே” என்றார்.

முதலில் உட்கார வேண்டியவர் அவர்தான். இன்று நான் சொல்ல வந்ததே அவ்வளவுதான். மீதி எல்லாம் அதற்கு விளக்கம்.

பிரித்தானியாவில் ஆண்டுக்கு 12,570 பவுண் வரையிலான வருமானத்துக்கு வரி இல்லை. இது வேலைக்குப் போகிறவருக்குக் கொடுத்த சலுகை என்று பலர் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். வீட்டில் இருந்து பிள்ளை வளர்ப்பவருக்கும் அதே 12,570 உண்டு. பயன்படுத்த வருமானம் இல்லாததால் அது சும்மா கிடக்கிறது. 2015 ஏப்ரலில் வந்த ‘மேரேஜ் அலவன்ஸ்’ என்ற திருமணச் சலுகை, அப்படிக் கிடப்பதில் ஒரு பங்கைத் துணைவரின் பெயருக்கு மாற்ற இடம் தருகிறது. இப்போதைய கணக்கில் அந்தப் பங்கு 1,260 பவுண். ஏறத்தாழப் பத்தில் ஒன்று. முழுவதையும் மாற்ற விட்டிருந்தால் குறைந்தா போயிருக்கும் என்று எனக்கு ஒரு மனத்தாங்கல் உண்டு, அதை விடுங்கள். பெறுகிறவர் அந்த 1,260க்கு 20 சதவீத வரி கட்டத் தேவையில்லை. ஆண்டுக்கு 252 பவுண் மிச்சம்.

இதற்கு நீங்கள் சட்டப்படி திருமணம் செய்தவர்களாகவோ திருமணத்துக்கு நிகரான ‘சிவில் பார்ட்னர்ஷிப்’ பதிந்தவர்களாகவோ இருக்க வேண்டும். சேர்ந்து வாழ்ந்தால் மட்டும் போதாது. பெறுகிறவர் அடிப்படை விகிதத்தில் வரி கட்டுகிறவராக இருக்க வேண்டும். பொதுவாக அவருடைய வருமானம் 12,571க்கும் 50,270க்கும் இடையில். ஸ்கொட்லாந்தில் இருப்பவர்களுக்கு மேல் எல்லை இதைவிடக் குறைவு, 43,662. இருவரில் ஒருவர் 1935 ஏப்ரல் 6க்கு முன் பிறந்தவர் என்றால் அவர்களுக்கென்று வேறொரு பழைய சலுகை இருக்கிறது. பெரும்பாலும் அதுதான் அதிக லாபம், இரண்டையும் சேர்த்து வாங்க முடியாது.

இப்போது பழைய ஆண்டுகளுக்கு வருகிறேன். இந்தச் சலுகையைக் கேட்காமல் விட்டவர்கள் முடிந்துபோன நான்கு வரியாண்டுகளுக்குப் பின்னோக்கிக் கேட்கலாம். நான்கு ஆண்டுக்கு 1,008 பவுண். நடப்பு ஆண்டையும் சேர்த்தால் 1,260. மாற்றுகிற தொகையும் 1,260, கிடைக்கிற மொத்தமும் 1,260. இதைப் பார்த்துவிட்டு ஏதோ தவறு நடந்திருக்கிறது என்று எனக்குத் தொலைபேசி எடுத்தவர்கள் உண்டு. தவறில்லை. ஆண்டுக்கு ஐந்தில் ஒரு பங்கு வீதம் ஐந்து ஆண்டு என்றால் முழுத்தொகைதானே.

ஆனால் நான்கு ஆண்டு என்பது உருண்டுகொண்டே இருக்கிற நான்கு. ஒவ்வோர் ஏப்ரல் 5ஆம் திகதியோடும் அடியில் இருக்கும் ஓர் ஆண்டு கழன்று விழுகிறது. 2022–23 வரியாண்டுக்கான கோரிக்கை 2027 ஏப்ரல் 5க்குள் போய்ச் சேர்ந்துவிட வேண்டும். 2023–24க்கு 2028 ஏப்ரல் 5. ஏப்ரல் 6ஆம் திகதி கேட்டால் அந்த 252 போனது போனதுதான். இந்த நாட்டு வரியாண்டு ஏன் இப்படி மாத நடுவில் தொடங்குகிறது என்று கேட்பவர்களுக்கு ஒரு சிறு கதை. முன்பு இங்கே மார்ச் 25தான் ஆண்டுக் கணக்கின் முதல் நாள். 1752இல் பழைய நாட்காட்டியை விட்டுப் புதியதற்கு மாறியபோது 11 நாட்களைத் தூக்கிவிட்டார்கள். வரி வசூலிக்கிறவர்கள் நாளைக் குறைத்துக்கொள்வார்களா? கணக்காண்டின் முடிவு ஏப்ரலுக்குத் தள்ளிப்போனது. நம் ஊர்ச் சித்திரைப் புத்தாண்டுக்கு ஒரு வாரம் முந்தி இவர்களுக்கு வரிப் புத்தாண்டு.

அந்தத் தம்பதியிடம் திரும்புவோம். கணவர் சொன்னார், “போன வருடமே நான் இணையத்தில் விண்ணப்பித்துப் பார்த்தேன், சரிவரவில்லை.” என் மேசைக்கு வருகிறவர்களில் பலர் விடுகிற பிழை இதுதான். வரி கட்டுகிறவர் நான், ஆகவே நான்தான் கேட்க வேண்டும் என்று அவர் நினைத்தார். சட்டம் எதிர்ப்பக்கமாக ஓடுகிறது. சலுகை வைத்திருப்பவர் மனைவி. தன்னுடையதில் ஒரு பங்கைத் தருகிறேன் என்று அவர்தான் சொல்ல வேண்டும். வருமானம் குறைந்தவர் கொடுக்கிறார், கூடியவர் பெறுகிறார். கொடுப்பவர்தான் விண்ணப்பதாரர். சுவரோரம் நின்ற மனைவியைக் கதிரையில் இருத்தி, அவருடைய தேசியக் காப்புறுதி இலக்கத்தைக் கேட்டேன். கைப்பையின் உள்ளறையிலிருந்து நான்காக மடித்த ஒரு கடிதத்தை எடுத்தார். நாட்டுக்கு வந்த புதிதில் கொடுத்த கடிதம். மடிப்பு விழுந்த இடத்தில் எழுத்து அழிந்திருந்தது, இலக்கம் மட்டும் தப்பியிருந்தது. இருவருடைய இலக்கங்களும், அவரை அடையாளம் காட்டக் கடவுச்சீட்டும் இருந்தன. அரசாங்கத்தின் கவ் டொட் யூகே இணையத்தளத்தில் அங்கேயே முடித்துவிட்டோம். பிள்ளைகள் இடைவேளைக்கு வெளியே வருவதற்குள் வேலை முடிந்தது. இணையம் ஒத்துவராதவர்களுக்கு எம்ஏடிசிஎஃப் என்ற தாள் படிவம் இருக்கிறது.

இதில் ஒரு வேடிக்கையையும் சொல்லிவிட வேண்டும். கேட்பவர் மனைவி, பழைய ஆண்டுகளுக்கான பணம் வருவதோ கணவரின் பெயருக்கு. கூடுதலாக வரி கட்டியவர் அவர்தானே. அந்தப் பணம் பிறகு யார் கைக்குப் போகிறது என்பதில் வரித் திணைக்களம் தலையிடாது, நானும் தலையிடுவதில்லை.

நடப்பு ஆண்டுக்கான 252 காசாக வராது. சம்பளத்தில் எவ்வளவு வரி பிடிப்பது என்று காட்டும் வரிக் குறியீட்டை மாற்றுவார்கள். சம்பளச் சீட்டில் 1257எல் என்று இருந்தது கணவருக்கு 1383எம் என்று ஆகும். மனைவி வேலை செய்தால் அவருக்கு 1131என். இந்த எண்ணைப் பார்த்து, என் சம்பளத்தில் ஏதோ கைவைத்துவிட்டார்கள் என்று பதறுகிறவர்கள் உண்டு. கடைசி எழுத்தைப் பாருங்கள். எம் என்றால் பெற்றவர், என் என்றால் கொடுத்தவர்.

மனைவியும் சிறிது சம்பாதிக்கிறார் என்றால் என்ன? பள்ளிக்கூடத்தில் மதிய உணவு நேரத்தில் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளும் வேலையில் ஆண்டுக்கு 7,000 பவுண் எடுக்கிறார் என்று வையுங்கள். ஒரு சிக்கலும் இல்லை, முழுப் பயன். 11,310க்கு மேல் போகும்போதுதான் பேனாவை எடுக்க வேண்டும். 12,000 எடுக்கிறவர் 1,260ஐக் கொடுத்துவிட்டால் அவருக்கு மிஞ்சும் வரியில்லாத எல்லை 11,310; மேலே இருக்கிற 690க்கு 138 பவுண் வரி கட்ட நேரும். கணவருக்கு 252 மிச்சம், மனைவிக்கு 138 செலவு. வீட்டுக்கு 114 லாபம். 12,570ஐத் தொட்டுவிட்டால் வரவும் செலவும் சரிக்குச் சரி, கையெழுத்து வைத்ததுதான் மிச்சம்.

நான்கு ஆண்டையும் ஒரே மூட்டையாகப் பார்க்காதீர்கள், ஒவ்வொன்றையும் தனித்தனியே பாருங்கள். இடையில் ஓர் ஆண்டு மேலதிக நேரம் அதிகம் செய்து 50,270ஐத் தாண்டியிருந்தால் அந்த ஆண்டு மட்டும் போகட்டும், மற்ற மூன்றையும் கேளுங்கள். இன்னொரு பக்கம், மார்ச் 20இல் பதிவுத் திருமணம் செய்திருந்தாலும் அந்த வரியாண்டு முழுவதற்கும் சலுகை உண்டு. பதினேழு நாளுக்கு 252 பவுண். இங்கே ஓர் எச்சரிக்கை: துணைவருக்கு இந்த நாட்டு வரிச் சலுகைக்கு உரிமை இருந்தால்தான் அவர் கொடுக்க முடியும். விசாவுக்காக ஊரில் காத்திருந்த காலம் பொதுவாக இதில் சேராது.

சரி, இவ்வளவையும் செய்து தர நிறுவனங்கள் இருக்கின்றனவே என்று கேட்பீர்கள். இருக்கின்றன. கைத்தொலைபேசியில் விளம்பரம் வரும், இரண்டு நிமிடத்தில் முடியும் என்பார்கள். எனக்குத் தெரிந்த ஒருவர் அப்படி ஒன்றில் கையொப்பம் வைத்தார். கிடைத்ததில் பாதிக்குச் சற்றுக் கூடுதலாகத்தான் கைக்கு வந்தது. முன்பெல்லாம் அந்தக் கையொப்பத்தோடு, திரும்பி வரும் பணத்தின் உரிமையையே அவர்களுக்கு எழுதிக்கொடுத்ததாகிவிடும். 2023 மார்ச் 15 முதல் அப்படி எழுதி வாங்குவது செல்லாது என்று சட்டம் வந்துவிட்டது. ஆனால் கட்டணம் வாங்கலாம். அரசாங்கம் இலவசமாக வைத்திருக்கும் கதவைத் திறந்துவிடுவதற்கு ஏன் கூலி கொடுக்க வேண்டும்? உங்களுக்கு இவ்வளவு பவுண் திருப்பித் தர இருக்கிறது, இதை அழுத்தி வங்கி விபரம் தாருங்கள் என்று வருகிற குறுஞ்செய்தியை அப்படியே அழித்துவிடுங்கள். திணைக்களம் அவ்விதம் கேட்பதில்லை.

ஒரு தடவை விண்ணப்பித்தால் அது ஆண்டுதோறும் தானாகத் தொடரும். சம்பளம் கூடி மேல் விகிதத்துக்குப் போனாலோ திருமணம் முறிந்தாலோ நீங்களே அறிவித்து நிறுத்த வேண்டும். இல்லாவிட்டால் பின்னால் திருப்பிக் கட்டச் சொல்வார்கள்.

குடும்பத்துக்குரிய எல்லாவற்றுக்கும் இந்த நான்கு ஆண்டு என்று எண்ணிவிட வேண்டாம். சைல்ட் பெனிபிட் என்கிற பிள்ளைக் கொடுப்பனவைப் பின்னோக்கிக் கேட்க மூன்று மாதம்தான். பிள்ளை பிறந்த களைப்பில் தள்ளிப் போட்டுவிடாதீர்கள். மாறாக, பேரப்பிள்ளையைப் பார்க்கும் அம்மம்மாக்களுக்கு மிகத் தாராளமான ஒரு விதி இருக்கிறது, ஏனோ நம்மவர்களுக்குத் தெரிவதில்லை. மகள் வேலைக்குப் போக, பன்னிரண்டு வயதுக்குட்பட்ட பேரனை அம்மம்மா பார்த்துக்கொள்கிறார்; அம்மம்மாவுக்கு இன்னும் அரச ஓய்வூதிய வயது வரவில்லை. மகள் பெயரில் பிள்ளைக் கொடுப்பனவோடு வருகிற, அரச ஓய்வூதியத்துக்குக் கணக்கில் சேரும் தேசியக் காப்புறுதி வரவை அம்மம்மாவின் பெயருக்கு மாற்றலாம். மகளுக்குச் சம்பளத்திலேயே அது சேர்ந்துவிடுவதால் அவருக்கு நட்டமில்லை. இதை 2011 ஏப்ரல் வரை பின்னோக்கிக் கேட்கலாம். அம்மம்மாவின் ஓய்வூதியத்தில் ஓர் ஆண்டு கூடும். அப்பப்பாக்களுக்கும் அதே விதிதான், அவர்கள் உண்மையில் பிள்ளையைப் பார்த்திருந்தால்.

கடைசியாக, சொல்லத் தயங்கி வைத்திருந்த ஒன்று. துணைவரை இழந்தவர்கள் இதைக் கேட்டுக்கொண்டிருப்பீர்கள். அவர் போய்விட்டார், இனி எதற்கு என்று விட்டுவிட வேண்டாம். 2017 நவம்பர் 29 முதல், இறந்துபோனவர் சம்பந்தப்பட்ட ஆண்டுகளுக்கும் இந்தச் சலுகையைக் கேட்க வழி செய்திருக்கிறார்கள்; அதே நான்கு ஆண்டு எல்லைதான். இதை இணையத்தில் செய்ய முடியாது. வரித் திணைக்களத்தின் வருமான வரித் தொலைபேசிச் சேவையை அழைக்க வேண்டும். வருமானம் குறைந்தவராக இருந்தவர் இறந்திருந்தால், அவருடைய வரி அலுவல்களைப் பார்க்கப் பொறுப்பேற்றிருப்பவர் அழைக்க வேண்டும். காத்திருக்க நேரும், ஒரு தேநீரைப் போட்டு வைத்துக்கொண்டு உட்காருங்கள். இருவரின் காப்புறுதி இலக்கங்களும், அவருடைய கடைசி சில பி60 தாள்களும் பக்கத்தில் இருக்கட்டும். ஆங்கிலம் தடங்கலாக இருந்தால் மகனையோ மகளையோ அருகில் வைத்துக்கொள்ளுங்கள். அதுவும் இல்லையென்றால் சனிக்கிழமை என் மேசையில் ஒரு கதிரை காலியாக இருக்கும். வணக்கம்.