பையர் மாறும் மாதங்களில் டெய்லரின் சம்பளம்

வணக்கம் நேயர்களே.

2025 ஆகஸ்ட் 27 முதல் இந்தியப் பொருள்களுக்கு அமெரிக்கா 50 விழுக்காடு கூடுதல் வரி போட்டது. பின்னலாடைக்கு ஏற்கெனவே இருந்த வரியும் சேர்ந்து 60 விழுக்காட்டைத் தாண்டியது. அந்த வாரங்களில் திருப்பூரில் டீக்கடை, பஸ், கல்யாண வீடு எங்கே போனாலும் ஒரே பேச்சு. "அமெரிக்கா இல்லாவிட்டால் என்ன, வேறு நாடே இல்லையா?"

அந்த ரோஷம் நியாயமானது. ஊரின் ஏற்றுமதியில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு ஒரே நாட்டை நம்பி இருந்தது ஆபத்துதான். மாற்றாக எல்லோரும் சொல்லும் ஐரோப்பா நமக்குப் புதுசும் இல்லை. 1978-ல் வெரோனா என்ற இத்தாலிய வியாபாரி டி-ஷர்ட் தேடி வந்ததிலிருந்துதான் இங்கே ஏற்றுமதிக் கதையே தொடங்குகிறது என்பார்கள்.

ஆனால் பையரை, அதாவது நம்மிடம் வாங்கும் வெளிநாட்டு வியாபாரியை, மாற்றுவது பஸ் மாறி ஏறுகிற மாதிரி இல்லை. சாம்பிள் தைத்து அனுப்ப வேண்டும். அளவும் சாயமும் ஓகே ஆக வேண்டும். அவர்கள் வந்து கம்பெனியை ஆடிட் செய்வார்கள். அப்புறம்தான் ஆர்டர். மாதக்கணக்கில் இழுக்கும். விலையிலும் சிக்கல் உண்டு. வங்கதேசத்து ஆடை வரியே இல்லாமல் ஐரோப்பாவுக்குள் போய்க்கொண்டிருந்தபோது, நம்முடையதற்கு 9 விழுக்காட்டுக்கு மேல் வரி. 2025 ஜூலையில் பிரிட்டனோடு வரியை நீக்கும் வர்த்தக ஒப்பந்தம் கையெழுத்தானதை ஊர் அவ்வளவு சந்தோஷமாக வரவேற்றது இதனால்தான். கையெழுத்தான மறுநாளே வரி இறங்கிவிடாது என்பதும் எல்லோருக்கும் தெரிந்தே இருந்தது.

இன்னொன்றை யாரும் பேசுவதில்லை. அமெரிக்க ஆர்டர் என்றால் பெரும்பாலும் ஒரே ஸ்டைல் வாரக்கணக்கில் ஓடும். ஐரோப்பாவில் பீஸ் குறைவு, ஸ்டைல் அதிகம். ஓவர்லாக் மிஷினில் உட்காரும் அக்காவுக்குப் புது ஸ்டைல் கைக்குப் பழகவே நேரம் பிடிக்கும். பீஸ் ரேட்டில், அதாவது தைத்த உருப்படிக்கு இவ்வளவு என்ற கூலியில், தைக்கிறவருக்கு அந்த நாட்களில் காசு இறங்கும். கை ஓடத் தொடங்கும்போது ஸ்டைலே முடிந்திருக்கும். ஆர்டர் இல்லாத கம்பெனியில் ஒன்றரை ஷிப்ட் ஒரு ஷிப்டாகிவிடும். சனிக்கிழமை சம்பளக் கவரில் மூன்றில் ஒரு பங்கு காணாமல் போகும். வீட்டு வாடகையும் பிள்ளைகளின் பள்ளிக் கட்டணமும் அப்படியேதான் இருக்கும்.

புதுச் சந்தை தேடுவதை நான் முழு மனதோடு ஆதரிக்கிறேன். ஆனால் அது கைகூடும் வரைக்குமான செலவு யார் தலையில் விழுகிறது? 11 விழுக்காடு பஞ்சு இறக்குமதி வரியை மத்திய அரசு அந்த ஆண்டு இறுதி வரை விலக்கியது. நல்லதுதான், மில்லுக்கும் கம்பெனிக்கும் மூச்சுவிட இடம் கிடைத்தது. தையல்காரருக்கு? தொழிலாளர் காப்பீடான ஈ.எஸ்.ஐ.யில் 2018-ல் வந்த ஒரு திட்டம், வேலை போனவருக்கு 90 நாள் வரை சராசரிச் சம்பளத்தில் பாதி தருகிறது. ஷிப்ட் குறைந்தவர் அதில் வரமாட்டார். அவருக்கு வேலை இருக்கிறது என்றுதான் கணக்கு. அந்த விதியைத் திருத்தி, ஷிப்ட் குறைந்த வாரங்களுக்கும் பணம் தர வேண்டும் என்று தொழிற்சங்கங்களும் ஏற்றுமதியாளர்களும் சேர்ந்தே கேட்க வேண்டும்.

நன்றி, வணக்கம்.