திரை விட்டுப் போன இடம்

நேயர்களுக்கு வணக்கம்.

மூடுபனி கவிந்த ஓர் இரவு. லண்டனில் பார்ன்ஸ் காமன் என்ற வெட்டவெளி. அதன் வழியாக ஒருவர் கார் ஓட்டிக்கொண்டு வருகிறார். திடீரென்று பனிக்குள்ளிருந்து ஒரு பெண் தள்ளாடியபடி வெளிப்படுகிறாள். அவள் வந்த கார் ஒரு லாரியோடு மோதிவிட்டது. கூட வந்த மாணவியைக் காணோம். இருவருமாகத் தேடிப் போகிறார்கள். ஆளில்லாத அந்த வெளியில், இருக்கவே வேண்டாத இடத்தில், ஒரு போலீஸ் பெட்டி நிற்கிறது.

'டாக்டர் ஹூ' பிரிட்டனின் அறிவியல் புனைகதைத் தொலைக்காட்சித் தொடர். டாக்டர் என்ற வேற்றுலகவாசி காலத்தில் பயணம் செய்யும் கதை. வெளியே போலீஸ் பெட்டியாகத் தெரிவதுதான் அவருடைய கால இயந்திரம். தொடரை அறிந்தவர்கள், கதை இப்படித் தொடங்கவில்லையே என்று யோசிப்பீர்கள். சரிதான். 1963 நவம்பர் 23 அன்று பிபிசி ஒளிபரப்பிய முதல் பகுதியில் அந்த வெட்டவெளியும் கிடையாது, விபத்தும் கிடையாது. ஒரு பள்ளிக்கூடம், இரண்டு ஆசிரியர்கள், விசித்திரமான ஒரு மாணவி, பழைய சாமான் கிடங்கு ஒன்று, அவ்வளவுதான். நான் சொன்ன பனி இரவு அதற்கு ஒரு வருடம் கழித்து, 1964இல், டேவிட் விட்டேக்கர் எழுதிய புத்தகத்தில் வருகிறது. டாலெக்குகள், அதாவது டாக்டரின் பரம எதிரிகளான வேற்றுலக இனம், வரும் கதையை நாவலாக்கினார் அவர். மற்றவர்கள் எழுதும் கதைகளைத் தேர்ந்து செப்பனிடும் கதை ஆசிரியர் பொறுப்பில் அந்தத் தொடரில் முதலில் இருந்தவரே அவர்தான், எனவே தெரியாமல் மாற்றி எழுதியிருக்க முடியாது. டாலெக்குகளின் கதை, தொடரின் இரண்டாவது கதை. முதல் கதையைப் பார்க்காத வாசகனையும் உள்ளே அழைத்துவர வேண்டும். அதற்காகப் புதிதாக ஒரு வாசல் வைத்தார். இயன் என்ற ஆசிரியர் 'நான்' என்று சொல்லும்படி முழுக்கதையையும் எழுதினார். திரையில் நாம் வெளியே நின்று பார்க்கும் இயனுக்குள் புத்தகத்தில் புகுந்துவிடுகிறோம்.

இப்படிப்பட்ட புத்தகங்களை ஆங்கிலத்தில் டை-இன் நாவல் என்பார்கள். ஒரு தொடரோடு முடிச்சுப் போட்ட நாவல். இலக்கிய விமர்சகர்கள் இவற்றைப் பெரும்பாலும் திரும்பிப் பார்ப்பதில்லை. தொடரின் வால் என்று நினைத்துவிடுகிறார்கள். அறிவியல் புனைகதைத் தொடர்களின் ரசிகர்கள் மட்டும் அரை நூற்றாண்டுக்கு மேலாக இவற்றைப் பொத்திப் பொத்தி வைத்திருக்கிறார்கள். அது ஏன் என்று என் அளவில் எனக்கு ஒரு பதில் உண்டு. திரைக்கு எப்போதும் அவசரம். இருபத்தைந்து நிமிடம், இல்லையென்றால் ஐம்பது நிமிடம், அதற்குள் உலகத்தைக் காப்பாற்றியாக வேண்டும். ஓரத்தில் நிற்கிறவன் யார், அவன் பெயர் என்ன என்று நின்று கேட்க நேரமிருக்காது. அங்கே நின்று கேட்டவர்கள் எழுதியவைதான் இந்தப் புத்தகங்களில் சிறந்தவை.

முதலில் ஒன்றை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். அறுபதுகளில் ஒரு பகுதி ஒளிபரப்பானால், அன்று பார்த்தவர்கள் பார்த்ததுதான். வீட்டில் பதிவு செய்து வைக்க வழியில்லை. மறு ஒளிபரப்பும் அபூர்வம். வீடியோ நாடா விலை அதிகம், அழித்துவிட்டு மறுபடி பயன்படுத்தலாம் என்பதால் பிபிசி தன் நாடாக்களை அழித்துக்கொண்டே வந்தது. 2013இல் நைஜீரியாவில் ஒன்பது பகுதிகளின் பிரதிகள் கிடைத்தன. அதற்குப் பிறகும் 'டாக்டர் ஹூ'வின் தொண்ணூறுக்கும் மேற்பட்ட பகுதிகளின் படச்சுருள் எங்கும் இல்லை. ஆனால் அவை ஒவ்வொன்றின் ஒலியும் இருக்கிறது. வீட்டில் தொலைக்காட்சிப் பெட்டி முன்னால் மைக்கைப் பிடித்து, யாரையும் பேசவிடாமல், டேப் ரெக்கார்டரில் பதிந்து வைத்த சில ரசிகர்களால் அது பிழைத்தது.

ஒலி அப்படிப் பிழைத்தது. காட்சிக்கு ஆறுதலாக இருந்தது டார்கெட் என்ற பதிப்பகம். 1973இல் தொடங்கி, 'டாக்டர் ஹூ' கதைகளை ஒவ்வொன்றாகச் சின்னச் சின்ன நாவல்களாகக் கொண்டுவந்தது. அதிகம் எழுதியவர் டெரன்ஸ் டிக்ஸ். அவரும் தொடரின் கதை ஆசிரியராக இருந்தவரே. அறுபதுக்கும் மேற்பட்ட கதைகளை நாவலாக்கினார். சுருக்கமான வாக்கியம், சுற்றி வளைக்காத நடை. டாக்டரின் கால இயந்திரம் வந்து இறங்கும்போதெல்லாம் இரைப்பும் முனகலுமாக ஓர் ஓசை கேட்டது என்று எழுதுவார். அந்த வரி ரசிகர்களுக்கு மனப்பாடம். ஒரு தலைமுறைப் பிள்ளைகள் வாசிக்கப் பழகியதே இவர் புத்தகங்களில்தான் என்று பிரிட்டனில் பல எழுத்தாளர்கள் நன்றியோடு சொல்லியிருக்கிறார்கள்.

டிக்ஸ் மேல் எனக்கு மரியாதை அதிகம். ஆனால் என் மனதுக்கு நெருக்கமானவர் மால்கம் ஹல்க். 1970இல் ஏழு பகுதிகளாக வந்த ஒரு கதையை அவரே எழுதினார். 1974இல் அதை 'டாக்டர் ஹூ அண்ட் த கேவ் மான்ஸ்டர்ஸ்' என்று நாவலாக்கினார். மனிதர்களுக்கு முன்னால் பூமியை ஆண்ட ஊர்வன இனம் ஒன்று, நிலத்தடியில் நெடுந்துயிலில் கிடக்கிறது. மனிதர்கள் அங்கே ஓர் ஆய்வு நிலையம் கட்ட, அது விழித்துக்கொள்கிறது. பூமி யாருக்குச் சொந்தம் என்பதுதான் சண்டை.

இந்தக் கதையை நான் முதலில் புத்தகமாகப் படித்தேன். திரையில் பார்த்தது பல வருடங்கள் கழித்து. புத்தகம் மனிதர்களிடம் தொடங்கவில்லை. ஒக்டெல் என்ற ஊர்வனத் தலைவரிடம் தொடங்குகிறது. வானத்திலிருந்து ஒரு சிறு கோள் பூமியை நெருங்குகிறது. தன் மக்கள் நிலத்தடிப் புகலிடத்துக்குள் போவதை அவர் பார்க்கிறார். இந்த வெளிச்சத்தை மறுபடி எப்போது காண்போம் என்று தெரியாத ஒருவரின் பார்வை அது. அந்தச் சில பக்கங்களுக்குப் பிறகு கதை முழுவதும் எனக்கு வேறாகிவிட்டது. மனிதர்கள் 'அரக்கன்' என்று கத்தும் ஒவ்வொரு முறையும், அது ஒக்டெல் அல்லவா என்று மனம் பதைத்தது.

பின்னால் திரையில் பார்த்தேன். நல்ல கதை, நல்ல நடிப்பு. முடிவில் நடிகர் பட்டியல் ஓடுகிறது. ஒக்டெலைத் தேடினேன். அப்படி ஒரு பெயரே இல்லை. 'வயதான சைலூரியன்' என்று போட்டிருந்தார்கள். சைலூரியன் என்பது திரையில் அந்த ஊர்வன இனத்துக்கு வைத்த பெயர். இன்னொருவர் 'இளைய சைலூரியன்', மற்றவர் 'சைலூரியன் விஞ்ஞானி'. ஒக்டெல், மோர்கா, கேடோ ஆகிய பெயர்களை ஹல்க் புத்தகத்துக்காகவே வைத்திருக்கிறார். தான் எழுதிய திரைக்கதையில் பெயரில்லாமல் செத்துப்போனவர்களுக்கு நாலு வருடம் கழித்துத் திரும்பி வந்து பெயர் வைத்திருக்கிறார். அன்று நான் அந்தப் புத்தகத்தை மறுபடி எடுத்து முதல் அத்தியாயத்தைத் திரும்பப் படித்தேன்.

பெயர் என்றதும் 'ஸ்டார் ட்ரெக்' நினைவுக்கு வருகிறது. அமெரிக்காவில் 1966இலிருந்து 1969 வரை 79 பகுதிகள் ஓடிய தொடர். விண்கலத்தைச் செலுத்தும் சுலு என்ற பாத்திரத்துக்கு அந்த 79 பகுதிகளிலும் முதல் பெயர் கிடையாது. வாண்டா மெக்கின்டயர் 1981இல் எழுதிய 'தி என்ட்ரபி எஃபெக்ட்' நாவலில்தான் அவர் 'ஹிகாரு' சுலு ஆனார். ரசிகர்கள் அந்தப் பெயரைப் பிடித்துக்கொண்டார்கள். பத்து வருடம் கழித்து, 1991இல் வந்த ஆறாவது திரைப்படத்தில், கேப்டனாக உயர்ந்த சுலு தன் கலத்தின் பதிவேட்டில் 'ஹிகாரு சுலு' என்று தானே சொல்கிறார். நாவலாசிரியர் வைத்த பெயர் திரையில் ஏறிவிட்டது.

அந்தத் தொடரின் பகுதிகளை 1967 முதல் சிறுகதைகளாக மாற்றி எழுதியவர் ஜேம்ஸ் பிளிஷ். அவர் வேலை செய்தது திரைக்கதைப் பிரதிகளை வைத்து. சில பிரதிகள் இறுதி வடிவத்துக்கு முந்தியவை. அதனால் திரையில் நடந்ததும் அவர் எழுதியதும் சில இடங்களில் ஒத்துப்போகாது. அந்த வித்தியாசங்களை ரசிகர்கள் இன்றும் ஆசையோடு தேடிப் படிக்கிறார்கள்.

அதிகம் பேசப்படாத இன்னொன்று, ஜான் எம். ஃபோர்டு 1984இல் எழுதிய 'தி ஃபைனல் ரிஃப்ளெக்‌ஷன்'. பழைய 'ஸ்டார் ட்ரெக்' தொடரில் கிளிங்கான்கள் என்ற வேற்றுலக இனம் என்றால் எதிரிகள், வருவார்கள், முறைப்பார்கள், தோற்பார்கள். ஃபோர்டு அவர்கள் வீட்டுக்குள் போனார். சதுரங்கம் மாதிரி அவர்களுக்கு ஓர் ஆட்டம் உண்டு, பெயர் க்ளின் ஜா. காய்களுக்குப் பதில் உயிருள்ள ஆட்களையே பலகையில் நிறுத்தி ஆடும் வகையும் அதில் உண்டு. அப்படிக் காயாக நிற்கும் ஓர் அநாதைச் சிறுவனிடம் நாவல் தொடங்குகிறது. ஒரு சமூகத்தின் அறம், பயம், பெருமை எல்லாவற்றையும் அந்தப் பலகையிலேயே வைத்துக் காட்டிவிடுகிறார். 1987இல் வந்த அடுத்த தொடர் கிளிங்கான்களை வேறு வழியில் கொண்டுபோய்விட்டது. திரை சொன்னதே அதிகாரபூர்வம் என்பதால் ஃபோர்டின் உலகம் தனித்து நின்றுவிட்டது. எனக்கு அதில் வருத்தம்தான். திரையில் வந்த கிளிங்கான்களைவிட அவர் எழுதியவர்கள் ஆழமானவர்கள் என்று நான் உறுதியாக நினைக்கிறேன்.

எல்லாப் புத்தகங்களும் இந்தத் தரம் இல்லை. அவசரத்தில் எழுதியவை, வசனத்துக்கு நடுவே 'என்றான், என்றாள்' சேர்த்தவை நிறைய உண்டு. அவற்றைப் பற்றிப் பேச வேண்டியதில்லை.

ஆனால் ஒரு தொடர் நின்றுபோனால் ரசிகர்கள் என்ன செய்வார்கள்? 'டாக்டர் ஹூ' 1989 டிசம்பரில் நின்றது. 1991இல் விர்ஜின் பதிப்பகம் 'நியூ அட்வென்ச்சர்ஸ்' என்ற வரிசையைத் தொடங்கியது. திரையில் வந்த கதைகள் இல்லை, முழுக்கப் புதியவை. அந்தப் பதிப்பகம் செய்த பெரிய காரியம், இதற்கு முன் புத்தகமே எழுதாதவர்களும் கதை அனுப்பலாம் என்று கதவைத் திறந்து வைத்ததுதான். ரசிகர்கள் அனுப்பினார்கள். 1997க்குள் 61 நாவல்கள் வந்தன. அவற்றில் 1996இல் வந்த ஒன்றை எழுதியவர் ரஸ்ஸல் டி. டேவிஸ். 2005இல் தொடர் மறுபடி திரைக்கு வந்தபோது அதைக் கொண்டுவந்தவரும் அவரே.

அதே வரிசையில் 1995இல் பால் கார்னெல் எழுதியது 'ஹியூமன் நேச்சர்'. டாக்டர் தன் நினைவுகளை ஒதுக்கி வைத்துவிட்டு மனிதனாகிறார். முதல் உலகப் போருக்கு முந்தைய இங்கிலாந்தில், ஆண்பிள்ளைகள் படிக்கும் ஒரு பள்ளியில் ஆசிரியராகிறார். ஜோன் என்ற பெண்ணிடம் காதல் வருகிறது. உலகைக் காப்பாற்ற வேண்டுமானால் அந்த எளிய மனிதன் இல்லாமல் போயாக வேண்டும். அவனோ வாழ ஆசைப்படுகிறான். 2007இல் கார்னெலே இதைத் தொலைக்காட்சிக்கு எழுதிக் கொடுத்தார், இரண்டு பகுதிகளாக வந்தது. பார்த்துக் கண் கலங்கியவர்களில் எத்தனை பேருக்கு இது பன்னிரண்டு வருடம் முன்பே புத்தகமாக இருந்தது தெரியும்?

'பேபிலான் 5' தொடரிலும் ஒரு நல்ல உதாரணம். முதல் பருவத்தோடு விலகிப்போன தளபதி சின்க்ளேர், மூன்றாம் பருவத்தில் திரும்பி வருகிறார். நடுவில் அவர் எங்கே இருந்தார், அவர் காதலித்த பெண் என்ன ஆனாள் என்பதற்கு விடை 1997இல் கேத்ரின் டிரென்னன் எழுதிய நாவலில் இருக்கிறது. தொடரை உருவாக்கியவர் அதைத் தன் கதையின் பகுதியாகவே ஏற்றுக்கொண்டார்.

கடைசியாக ஒரு தையல்காரரைப் பற்றிச் சொல்கிறேன். 'ஸ்டார் ட்ரெக்: டீப் ஸ்பேஸ் நைன்' 1993இலிருந்து 1999 வரை 176 பகுதிகள் வந்த தொடர். அதில் காரக் என்றொருவர், கார்டாசியா என்ற கோளைச் சேர்ந்தவர். விண்வெளி நிலையத்தில் தையல் கடை வைத்திருக்கிறார். முன்னாள் ஒற்றர், சொந்தக் கோளிலிருந்து துரத்தப்பட்டவர். எதைக் கேட்டாலும் ஒரு பொய் சொல்லுவார், அதையும் அழகாகச் சொல்லுவார். நாற்பது பகுதிகளில்கூட அவர் வரவில்லை. ஆனாலும் வந்த ஒவ்வொரு முறையும் ரசிகர்கள் நிமிர்ந்து உட்கார்ந்தார்கள்.

அவராக நடித்தவர் ஆண்ட்ரூ ராபின்சன். பாத்திரத்தைப் புரிந்துகொள்ள, காரக் எழுதுவதுபோல நாட்குறிப்பு எழுதிக்கொண்டிருந்தார். ரசிகர் மாநாடுகளுக்குப் போகும்போது அதிலிருந்து சில பக்கங்களை மேடையில் படித்துக் காட்டுவார். கேட்டவர்களுக்கு ஆசை அடங்கவில்லை. அந்தப் பக்கங்கள் வளர்ந்து 2000இல் 'எ ஸ்டிச் இன் டைம்' என்ற நாவலாயின. வேறு யாரையும் வைத்து எழுதாமல், தானே எழுதினார்.

போரில் கார்டாசியா தரைமட்டமான பிறகு, ஊர் திரும்பிய காரக் தன் நண்பரான டாக்டர் பஷீருக்கு எழுதும் நீண்ட கடிதமாக அந்த நாவல் இருக்கிறது. பகலில் இடிபாடுகளை அகற்றுகிறார், பிணங்களைத் தேடி எடுக்கிறார். இருக்கும் நேரத்தில் சிறுவயது, ஒற்றர் பள்ளி, இழந்த காதல் என்று ஒவ்வொன்றாக எழுதுகிறார். தொடர் முழுக்க ஒரு நேரான பதில்கூடச் சொல்லாத மனிதர், கேட்க ஆளில்லாத இடத்தில் உட்கார்ந்து உண்மையை எழுதுகிறார். இதற்குத் திரையில் இடமே கிடையாது. எந்தத் தயாரிப்பாளரும் ஒரு தையல்காரருக்காக இத்தனை மணி நேரத்தை ஒதுக்க மாட்டார்.

அந்தப் புத்தகம் அச்சில் இல்லாமல் நெடுநாள் கிடந்தது. பழைய பிரதி வைத்திருந்தவர்கள் அதை இரவல் கொடுக்கவே தயங்கினார்கள். 2023இல் ஒலிநூலாக வந்தது. படிப்பதற்கு வேறு குரலைத் தேடவில்லை. எண்பதைத் தாண்டிய ஆண்ட்ரூ ராபின்சன், மாநாட்டு மேடைகளில் படித்த அதே காரக்கின் குரலில், தன் நண்பர் டாக்டர் பஷீருக்கு எழுதிய கடிதத்தைத் தொடக்கத்திலிருந்து கடைசி வரி வரை தானே படித்திருக்கிறார்.

வணக்கம்.