படைத்தலைவனுக்கு ஒவ்வொரு பாயிண்டும் எங்கே போக வேண்டும்

நேயர்களுக்கு வணக்கம்.

இடைக்காலப் போரை வைத்து வந்த கணினி விளையாட்டுகளில் பாதிக்கு மேல் நம்மைத் தனி வீரனாகத்தான் களத்தில் இறக்கிவிடும். கையில் ஒரு வாள், எதிரே பத்துப் பேர், வெட்டிக்கொண்டே போக வேண்டியதுதான். துருக்கியின் அங்காரா நகரில் இயங்கும் டேல்வேர்ல்ட்ஸ் நிறுவனம் 2010இல் வெளியிட்ட 'மவுண்ட் அண்ட் பிளேடு: வார்பேண்ட்' வேறு ரகம். கல்ராடியா என்ற கற்பனை நிலம், அதில் ஒன்றோடொன்று மோதும் ஆறு அரசுகள். நடுவில் நாம் குதிரை மேல் உட்கார்ந்து நூறு பேருக்குக் கட்டளையிடுகிறோம். அதே குதிரையில் இருந்தபடி அம்பும் வாங்குகிறோம். இந்த விளையாட்டில் படைத்தலைவனாக ஒரு பாத்திரத்தை எப்படி உருவாக்குவது என்பதுதான் இன்றைய பேச்சு.

முதலில் ஒரு விதியை மனத்தில் பதிய வைத்துக்கொள்ளுங்கள். களத்தில் உங்கள் பாத்திரம் மயங்கி விழுந்தால், சில நொடிகளில் அந்தப் போர்க்காட்சியே முடிந்துவிடும். படை பின்வாங்கியதாகக் கணக்காகி, அதற்கான உயிரிழப்பும் சேரும். மீதிப் பேரை நீங்கள் இல்லாமல் போரிட அனுப்பலாம். ஆனால் அது வெறும் எண் கணக்கு. அங்கே மேடு இல்லை, வரிசை இல்லை, நீங்கள் யோசித்து நிறுத்திய வில்லாளிகளுக்கு எந்தப் பயனும் இல்லை. ஆகவே படைத்தலைவனின் முதல் கடமை விழாமல் இருப்பது. எதிரியைக் கொல்வது அதற்குப் பின்னால்தான் வருகிறது. கீழே சொல்லப்போகிற கணக்கெல்லாம் இதிலிருந்துதான் கிளம்புகிறது.

பாத்திரத்துக்கு அடிப்படைப் பண்புகள் நான்கு: வலிமை, சுறுசுறுப்பு, அறிவு, ஆளுமை. ஒவ்வொரு லெவல் ஏறும்போதும் பண்புக்கு 1 பாயிண்ட், திறனுக்கு 1 பாயிண்ட், ஆயுதப் பழக்கத்துக்கு 10 பாயிண்ட் கிடைக்கும். ஒரு திறனை எவ்வளவு உயர்த்தலாம் என்பதை அதன் தாய்ப் பண்புதான் தீர்மானிக்கிறது: பண்பை மூன்றால் வகுத்தால் வருவது எதுவோ, அதுவே வரம்பு. தலைமைத் திறன் ஆளுமையைச் சேர்ந்தது. ஆளுமை 18 என்றால் தலைமை 6 வரை போகும். 17 என்றால் 5தான். 17இல் நின்றுகொண்டு, "பாயிண்ட் கையில் இருக்கிறதே, ஏன் ஏற மாட்டேன் என்கிறது?" என்று தடுமாறுவது புதிதாக வருகிறவர்கள் எல்லோருக்கும் நேர்வது. பண்புகளை 12, 15, 18 என்று மூன்றின் மடங்குகளில் முடியும்படி முன்கூட்டியே திட்டமிடுங்கள்.

அறிவைப் பற்றி ஒரு தவறான எண்ணம் பரவலாக இருக்கிறது. அறிவில் 1 பாயிண்ட் போட்டால் கூடுதலாக 1 திறன் பாயிண்ட் கிடைக்கும், அது உண்மை. சில விளையாட்டுகளில் இது ஒவ்வொரு லெவலுக்கும் தொடர்ந்து வந்துகொண்டிருக்கும்; அதனால் அறிவை முதலில் ஏற்றிவிட்டால் வட்டிக்கு வட்டிபோல் குட்டி போடும். வார்பேண்டில் அப்படிக் கிடையாது. போட்ட அந்த நேரத்தில் ஒன்று, அவ்வளவுதான். 2ஆம் லெவலில் போட்டாலும் 20ஆம் லெவலில் போட்டாலும் கிடைப்பது அதே ஒன்று. ஆகவே எந்தத் திறன் வரம்பில் முட்டிக்கொண்டு நிற்கிறதோ, அதன் பண்பை அப்போது ஏற்றுவதுதான் சரி. ஆரம்பத்திலேயே அறிவை மட்டும் குவித்துவிட்டுக் கொள்ளைக்காரக் கூட்டத்திடம் அடிவாங்கிக்கொண்டிருப்பதில் லாபம் எதுவும் இல்லை.

பாத்திரத்தின் பூர்வீகத்தைத் தேர்ந்தெடுக்கும் கேள்விகளில், தலைவன் வேண்டுமென்பவர்கள் நொடித்துப்போன பிரபுவின் பிள்ளை என்று தொடங்கலாம். கொடியும் கொஞ்சம் புகழும் முதல் நாளே கைக்கு வரும். புகழ் வெறும் அலங்காரம் கிடையாது. படையின் அளவில் அதற்கு நேரடிப் பங்கு உண்டு. கணக்கு இதுதான், எழுதிக்கொள்ள வசதியாக நிறுத்திச் சொல்கிறேன். அடிப்படை 30 பேர். தலைமைத் திறன் ஒன்றுக்கு 5 பேர். ஆளுமை ஒன்றுக்கு 1 ஆள். புகழ் 25க்கு 1 ஆள். ஆளுமை 18, தலைமை 6, புகழ் 500 என்றால்: முப்பது, முப்பது, பதினெட்டு, இருபது, கூட்டினால் 98 பேர். இதே தலைமைத் திறன் ஒவ்வொரு புள்ளிக்கும் வாரக் கூலியை 5 சதவீதம் குறைக்கும், படையின் மனவுறுதியையும் உயர்த்தும். 6 இருந்தால் கூலியில் 30 சதவீதம் மிச்சம். நூறு பேருக்குக் கூலி கொடுக்கிறவருக்கு அந்த மிச்சம்தான் சோறு.

இனி ஒரு முழு வரைவைப் பார்ப்போம். 1இலிருந்து 25ஆம் லெவலுக்குள் 24 பண்புப் பாயிண்ட் வரும். அதில் ஆளுமைக்கு 9, அறிவுக்கு 7, சுறுசுறுப்புக்கு 4, வலிமைக்கு 4. தொடக்கத்தில் ஆளுமை 9, அறிவு 8, மற்ற இரண்டும் 8 இருந்தால், முடிவில் 18, 15, 12, 12 என்று எல்லாம் மூன்றின் மடங்கில் வந்து நிற்கும். தொடக்கம் ஒன்றிரண்டு மாறினால் அதற்கேற்பக் கூட்டிக் குறைத்துக்கொள்ளுங்கள். திறனுக்கு 24, அறிவிலிருந்து இன்னும் 7. ஆக 31 பாயிண்ட்.

இந்த 31ஐ எங்கே போடுவது என்பதில்தான் நல்ல தலைவன் யார், சும்மா பெயருக்குத் தலைவன் யார் என்பது தெரியும். திறன்கள் மூன்று வகை. சில உங்களுக்கு மட்டும் உரியவை: சவாரி, உடலுறுதி, கைவலு போன்றவை. சில தலைவனுக்கு மட்டும் வேலை செய்பவை: தலைமை, கைதிகளை நிர்வகிப்பது. மூன்றாவது வகை படைக்குப் பொதுவானவை: அறுவை மருத்துவம், காயச் சிகிச்சை, முதலுதவி, போர்த்தந்திரம், பொறியியல், வழியறிதல். இந்தப் பொதுத் திறன்களில், படையில் யாருக்கு அதிகமோ அவருடைய அளவுதான் எடுத்துக்கொள்ளப்படும். அதற்கு மேல் தலைவனிடமும் அதே திறன் இருந்தால் ஊக்கப் புள்ளி சேரும். உங்களிடம் 2 முதல் 4 வரை இருந்தால் கூடுதலாக 1. 5 முதல் 7 வரை இருந்தால் 2. 8, 9 என்றால் 3. 10 என்றால் 4.

இதைக் கொஞ்சம் கூர்ந்து பாருங்கள். முதல் ஊக்கப் புள்ளிக்கு விலை 2 பாயிண்ட். அடுத்ததற்கு இன்னும் 3. அதற்கடுத்ததற்கும் 3. மலிவான சரக்கு முதல் இரண்டுதான். ஆகவே முக்கியமான பொதுத் திறன் ஒவ்வொன்றிலும் நீங்கள் 2 மட்டும் போட்டுவிட்டு, மீதியை, உங்கள் படையில் சேரும் தனிப்பெயர் கொண்ட தோழர்களிடம் விடுங்கள். ஒரே ஒன்றுக்கு விதிவிலக்கு: அறுவை மருத்துவம். சாக வேண்டிய வீரன் காயத்தோடு பிழைக்கும் வாய்ப்பை அது ஒவ்வொரு புள்ளிக்கும் 4 சதவீதம் கூட்டுகிறது. மாதக்கணக்கில் வளர்த்தெடுத்த வீரனைக் காப்பாற்றுகிற திறன் அது. அங்கே 5 வரை போவதில் தவறில்லை.

ஆக, வரைவு இப்படி வருகிறது. தலைமை 2இல் இருந்து 6 வரை, 4 பாயிண்ட். பயிற்சியளிப்பு 5. அறுவை மருத்துவம் 5. வழியறிதல், காயச் சிகிச்சை, முதலுதவி, போர்த்தந்திரம், பொறியியல் ஐந்துக்கும் இரண்டிரண்டாக 10. பிரபுக்களிடம் பேசி இணங்கவைக்க 3. சவாரிக்கு 3, உடலுறுதிக்கு 1. கூட்டிப் பார்த்தால் சரியாக 31. கைவலுவுக்கு, அதாவது ஓங்கி வெட்டும் பலத்துக்கு, ஒன்றுகூட இல்லை என்பதைக் கவனித்திருப்பீர்கள். வேண்டுமென்றேதான் விட்டிருக்கிறேன்.

பயிற்சியளிப்பு மட்டும் தனி விதி. அது 'யாருக்கு அதிகமோ அவர்' என்ற கணக்கில் வராது. உங்களுடையது, தோழர்கள் ஒவ்வொருவருடையது என எல்லாமே சேர்ந்துகொண்டே போகும். தினமும் ஒரு முறை, பயிற்சி தருகிறவரைவிடக் கீழ்லெவலில் இருக்கும் வீரர்களுக்கு அனுபவம் ஏறும். ஆறு பேர் ஆளுக்கு 5 வைத்திருந்தால், கிராமத்தில் பிடித்த விவசாயி சில நாட்களிலேயே ஈட்டியைச் சரியாகப் பிடிக்கக் கற்றுக்கொள்வான். போர்த்தந்திரத்தில் இன்னொரு நுணுக்கம்: இரண்டு புள்ளிக்கு ஒரு முறைதான் பலன் தெரியும். மொத்தத்தை இரட்டைப்படையில் நிறுத்துங்கள். ஒற்றைப்படையில் நின்றால் கடைசிப் புள்ளி சும்மா கிடக்கும்.

தோழர்கள் விஷயத்துக்கு வருவோம். விளையாட்டில் மொத்தம் 16 பேர், ஊர் ஊராக மதுக்கடைகளில் கிடைப்பார்கள். அவர்களுக்குள் பிடித்தவர், பிடிக்காதவர் உண்டு. மருத்துவம் தெரிந்த ஜெரமஸும் பொறியியல் தெரிந்த ஆர்டிமென்னரும் ஒரே கூடாரத்தில் இருக்க மாட்டார்கள். திறனை மட்டும் பார்த்து இருவரையும் சேர்த்தால், சில வாரத்தில் ஒருவர் உங்களிடம் வந்து மற்றவரைப் பற்றிப் புகார் சொல்லத் தொடங்குவார். கவனிக்காமல் விட்டால் மூட்டை கட்டிவிடுவார். ஆர்டிமென்னருக்கு லெசாலிட்டைப் பிடிக்கும். லெசாலிட் பயிற்சியாளர், ஆகவே அந்த ஜோடி நல்ல ஜோடி. ஜெரமஸை வைத்துக்கொள்ள விரும்பினால் அவருடன் ஒத்துப்போகிற ஃபிரென்டிஸைச் சேர்த்து, பொறியியலை வேறு யாருக்காவது கற்றுக்கொடுங்கள். மூன்றாவது வழி, கீழ்லெவலில் வரும் யிமிராவை மருத்துவராக வளர்ப்பது. கீழ்லெவலில் வருகிறவரிடம் பாயிண்டுகள் இன்னும் செலவாகியிருக்காது. நாம் விரும்பும் வடிவத்துக்குக் கொண்டுவரலாம். ஆனால் மூன்றால் வகுக்கும் விதி அவர்களுக்கும் உண்டு. அறுவை மருத்துவம் 7 வேண்டுமானால் அறிவு 21 வேண்டும். வேறு எதிலும் கைவைக்காமல் அதையே ஏற்ற வேண்டும்.

மருத்துவர் களத்தில் காயம்பட்டு விழுந்துவிட்டால் அவருடைய திறன் கணக்கில் சேராமல் போகும். படைப் பட்டியலில் மேலே இருப்பவர்களே முதலில் களத்துக்கு வருவார்கள் என்பதால், மருத்துவரைப் பட்டியலின் கடைசிக்கு இறக்கிவிடுங்கள். நல்ல குதிரை, கனமான கவசம் வாங்கியதும் முதலில் கொடுக்க வேண்டியதும் அவருக்குத்தான்.

98 பேரை எப்படிப் பிரிப்பது? 6 தோழர், 40 காலாள், 36 வில்லாளி, 16 குதிரைவீரர் என்பது எந்த எதிரிக்கும் ஓரளவு தாங்கும் கலவை. கல்ராடியாவின் அரசுகளில் காலாளுக்கு நார்டுகள், தொலைவிலிருந்து எய்ய வேஜிர் வில்லாளிகளோ ரோடாக் குறுக்குவில்லாளிகளோ, குதிரைக்கு ஸ்வாடியர்கள். ஒரு எச்சரிக்கை: நீங்கள் எந்த அரசோடு போரில் இருக்கிறீர்களோ, அந்த அரசிலிருந்து வந்த வீரர்களின் மனவுறுதி சரியும், ஓடவும் ஓடுவார்கள். படை பெருகப் பெருக மனவுறுதி பொதுவாகவே குறையும். அதற்கு மருந்து வெற்றிகளும் சாப்பாடும். ஒரே தானியத்தை மூட்டை மூட்டையாக வாங்குவதைவிட ஐந்தாறு வகை உணவு வைத்திருங்கள். வகை கூடினால் மனவுறுதி கூடும். பச்சை இறைச்சி சில நாளில் கெட்டுவிடும், அதை முதலில் தீர்க்கவும்.

களத்தில் இறங்கியதும் செய்ய வேண்டியதை ஒரு முறை நடத்திப் பார்ப்போம். எதிரே ஆறு அரசுகளில் ஒன்றான கெர்கிட்டின் குதிரைப்படை என்று வைத்துக்கொள்ளுங்கள். வந்த உடனே 0 அழுத்தி எல்லோரையும் தேர்ந்தெடுத்து, எஃப்1, எஃப்2 கொடுத்தால் பின்னால் வருவார்கள். பக்கத்தில் இருக்கும் மேட்டுக்குப் போங்கள். உச்சிக்குப் போகாமல், எதிரியைப் பார்த்த சரிவில் நில்லுங்கள். உச்சியில் நிறுத்தினால் பின்வரிசை மறுபக்கம் இறங்கி நின்று ஒன்றையும் காணாது. 2 அழுத்தி வில்லாளிகளை எடுத்து, எஃப்1ஐ விடாமல் பிடித்தால் தரையில் கொடி தெரியும். கொடியை வேண்டிய இடத்தில் நட்டுவிடுங்கள். பிறகு 1 அழுத்தி, காலாளுக்கு அதற்குச் சற்றுக் கீழே இன்னொரு கொடி. 3, குதிரைப்படை, உங்களோடு பக்கவாட்டில் ஒதுங்கி நிற்கட்டும்.

இதற்குள் கெர்கிட்டுகள் சுற்றி வரத் தொடங்கியிருப்பார்கள். இங்கேதான் பலரும் தவறுவது: அவசரப்பட்டு எல்லோருக்கும் எஃப்1, எஃப்3, அதாவது 'பாய்' என்ற கட்டளை. காலாள் கலைந்து குதிரைகளைத் துரத்துவார்கள், பிடிக்க முடியாது, ஒவ்வொருவராகச் சாய்வார்கள். பொறுங்கள். குதிரைகள் காலாள் வரிசையில் வந்து முட்டி வேகம் இழக்கும் வரை பொறுங்கள். நின்றுபோன குதிரையைச் சுற்றி நான்கு பேர் இருந்தால் அவன் கதை முடிந்தது. அந்த நொடியில் 3, எஃப்1, எஃப்3. பக்கவாட்டிலிருந்து உங்கள் 16 பேரும் விழட்டும்.

பேக்ஸ்பேஸ் விசையை அழுத்தினால் களத்தின் சிறு வரைபடமும் கட்டளைப் பலகையும் திறக்கும். அது திறந்திருக்கும்போது விளையாட்டு நிற்காது. வரைபடத்தைப் பார்த்துக்கொண்டே அம்பு வாங்கி விழுந்த தலைவர்கள் ஏராளம். நீங்கள் நிற்க வேண்டிய இடம் வில்லாளி வரிசைக்குப் பக்கவாட்டில், சற்றுப் பின்னால். உங்கள் ஆயுதம் ஒரு இலகு குறுக்குவில். கனமான வகையைக் குதிரை மேல் இருந்தபடி மறுபடி நிரப்ப முடியாது. குதிரையைத் தேர்ந்தெடுக்கையில் வேகத்தைவிடக் கவசத்தைப் பாருங்கள், ஏனென்றால் கெர்கிட் அம்பு பெரும்பாலும் குதிரையில்தான் படும். எய்யும்போது கேடயம் முதுகில் கிடக்கும். இந்த விளையாட்டில் முதுகில் கிடக்கும் கேடயமும் பின்னால் வரும் அம்பைத் தடுக்கும். இடம் மாற வேண்டுமென்றால் எதிரிக்கு முதுகைக் காட்டி நேராகக் குதிரையை விடுங்கள். பக்கவாட்டில் ஓட்டினால் விலா திறந்திருக்கும்.

வணக்கம்.