செரோக்கி: எழுத்து இருந்தும் வந்த நெருக்கடி

நண்பர்களே, வணக்கம்.

எழுத்து, பத்திரிகை, கைப்பேசி விசைப்பலகை எல்லாம் இருக்கும் மொழிக்கு என்ன கவலை என்று நினைப்போம். அமெரிக்காவின் பூர்வகுடிகளான செரோக்கி மக்களிடம் இவை எல்லாமே உண்டு. எழுதப் படிக்கத் தெரியாத செக்வோயா, 1821 வாக்கில் தம் மொழிக்கென்று, ஓர் அசைக்கு ஓர் எழுத்து என்ற அசையெழுத்து முறையை உருவாக்கி முடித்தார். 1828இல் அந்த எழுத்தில் செய்தித்தாளே வந்தது. 2010இல் ஐஃபோனிலும் ஏறியது. ஆனாலும் 2019இல் மூன்று செரோக்கி பழங்குடி அரசுகளும் கூடி, மொழிக்கு நெருக்கடிநிலை அறிவித்தன. அப்போது சரளமாகப் பேசியோர் சுமார் 2,000 பேர்தான், பெரும்பாலும் முதியவர்கள்.

எங்கே அறுந்தது? 1838-39இல் அமெரிக்க அரசு ராணுவத்தை வைத்து அவர்களை இன்றைய ஓக்லஹோமாவுக்கு விரட்டியது. ஆயிரக்கணக்கானோர் இறந்தார்கள். அப்போதும் மொழி போகவில்லை. அப்புறம் விடுதிப் பள்ளிகள் வந்தன. தாய்மொழி பேசினால் தண்டனை. அதை அனுபவித்தவர்கள் பலர் தம் பிள்ளைகளிடம் ஆங்கிலமே பேசினார்கள்.

2001இல் ஓக்லஹோமாவின் தாலக்வா நகரில் செரோக்கி வழியிலேயே கற்பிக்கும் பள்ளி தொடங்கியது. சரி, மாலையில் வீட்டுக்குப் போகும் குழந்தைக்கு யார் பதில் சொல்வது? அப்பா அம்மாவுக்கே தெரியாதே! அதனால் பிறகு வந்த திட்டம்தான் எனக்குப் பெரிதாகப் படுகிறது. வளர்ந்தவர்களுக்கு உதவித்தொகை கொடுத்து, வாரம் 40 மணி நேரம், இரண்டு ஆண்டுகள், மொழியறிந்தவர்களோடு உட்காரவைக்கிறார்கள். கற்பதே வேலை.

இப்படி மொழி கற்பதில் கதைக்கு என்ன இடம்? செரோக்கியில் ஒன்றைக் கொடுப்பதென்றால், அது உயிருள்ளதா, நீளமானதா, துணிபோல் வளைவதா, நீர்மமா என்று பார்த்து வினையே மாறும். அட்டவணை போட்டு மனப்பாடம் செய்வது கொடுமை. கதையில் தானாகப் படியும். அவர்களுடைய நெருப்புக் கதையைப் பாருங்கள். தீவில் ஒரு மரப்பொந்துக்குள் நெருப்பு. எடுக்கப்போன அண்டங்காக்கை கருகித் திரும்புகிறது. ஆந்தைகள் கண்ணைச் சுட்டுக்கொள்கின்றன. பாம்பும் கறுத்துப்போகிறது. கடைசியில் நீர்ச்சிலந்தி தன் நூலால் கிண்ணம் பின்னி, முதுகில் வைத்து, ஒரு தணல் துண்டைக் கொண்டுவருகிறது. போனது, சுட்டது, திரும்பியது என்று ஒவ்வொரு பிராணிக்கும் அதே வினைகள் மறுபடி வருகின்றன. புதிதாகக் கற்பவருக்கு வேறென்ன வேண்டும்?

2022இல், செரோக்கி அகராதி தந்த டர்பின் ஃபீலிங் பெயரில் தாலக்வாவில் மொழி மையம் திறந்தார்கள். அந்தக் கட்டடம் முன்பு கேசினோ! பக்கத்திலேயே மொழி பேசும் முதியவர்களுக்கு வீடுகளும் கட்டினார்கள். எனக்குப் பிடித்தது அந்த வீடுகள்தான். வகுப்பு முடிந்த பிறகும் பேச்சுக்கு ஆள் வேண்டுமே.