பாதியில் பிடிக்கும் பிரேக்

நேயர்களுக்கு வணக்கம். தக்கலைப் பக்கம் பட்டறை வைத்திருக்கிறேன். வருவதெல்லாம் பெரும்பாலும் பிக்கப் வண்டிகள்தான். குளச்சல் மீன், தோவாளைப் பூ, குலசேகரம் ரப்பர் ஷீட் என்று ஏதாவது ஒரு லோடு ஏற்றுகிறவை.

போன ஆனி மழையில் ஒரு மீன் வண்டி வந்தது. “அண்ணாச்சி, பெடல் பாதிக்குக் கீழ போனாத்தான் பிரேக் பிடிக்குது. மாஸ்டர் சிலிண்டர் மாத்தியாச்சு, ரெண்டு தடவை ஏர் எடுத்தாச்சு, அப்படியேதான் இருக்கு” என்றார் டிரைவர். பெடலை மிதித்ததும் பிரேக் ஆயிலைச் சக்கரங்களுக்குத் தள்ளுவதுதான் மாஸ்டர் சிலிண்டர். அந்த ஆயிலில் புகுந்த காற்றை வெளியேற்றுவதைத்தான் ஏர் எடுப்பது என்போம்.

நான் பானட்டைத் திறக்கவில்லை. சீட்டில் ஏறி உட்கார்ந்து மிதித்துப் பார்த்தேன். பிடிக்கும் இடத்தில் பெடல் கல் மாதிரி நின்றது. அந்த இடம்தான் ரொம்பக் கீழே இருந்தது. ஹேண்ட் பிரேக்கை லேசாக இறுகும்வரை இழுத்து வைத்துவிட்டு மறுபடி மிதித்தேன். பெடல் மேலேயே நின்றுவிட்டது. சரி, சங்கதி பின்சக்கரத்தில்.

ஹேண்ட் பிரேக் கேபிள், சக்கரத்தோடு சுற்றும் பின் டிரம்முக்குள் இருக்கிற ஷூக்களை, அதாவது டிரம்மை உரசி நிறுத்தும் வளைந்த துண்டுகளை, விரித்துவிடும். ஷூவுக்கும் டிரம்முக்கும் நடுவில் இடைவெளி கூடிப்போயிருந்தால், அதைக் கடக்கவே பெடலின் பாதி ஓட்டம் செலவாகிவிடும். கேபிள் இழுத்து இடைவெளியை அடைத்ததும் பெடல் உயர்ந்துவிட்டது என்றால், மாஸ்டர் சிலிண்டர் மேல் பழி போட வேண்டாம்.

டிரம்மைத் தட்டிக் கழற்றினேன். ஐஸ் உருகி வடிகிற மீன்தண்ணீர் இருக்கிறதே, அதன் உப்பு இரும்பை விடாது. அந்த இடைவெளியைச் சரிசெய்யும் அட்ஜஸ்டரின் பல்சக்கரம் துருவேறி, மரையோடு இறுகிக் கிடந்தது. ஷூ மேல் இருக்கும் உரசுபட்டையான லைனிங் நன்றாகவே இருந்தது. கம்பி பிரஷ் போட்டுத் தேய்த்து, சூடு தாங்கும் கிரீஸ் தடவி, டிரம்மில் லேசாக உரசும்வரை பல்லைத் திருப்பி வைத்தேன். புதிதாக ஒரு சாமானும் வாங்கவில்லை.

“ஹேண்ட் பிரேக் போடுறதுண்டா?” என்று கேட்டேன். “எங்க அண்ணாச்சி, வீலுக்குக் கல்லுதான் வைப்பேன்” என்றார். சில மாடல்களில் ஹேண்ட் பிரேக்கை இழுத்து விடும்போதுதான் அந்த அட்ஜஸ்டர் பல் பல்லாக நகரும். கல் வைக்கிறவர் வண்டியில் அது எப்படி நகரும்?

பெடல் பஞ்சு போல அமுங்கி, இரண்டு மூன்று தடவை மிதித்தால் மேலே ஏறுகிறதா? உள்ளே காற்று இருக்கிறது. ஏர் எடுக்கும்போது பெடலுக்கு அடியில் ஒரு மரத்துண்டு வையுங்கள். தரைவரை மிதித்தால், மாஸ்டர் சிலிண்டருக்குள் இருக்கும் ரப்பர் வாஷர் வழக்கமாகப் போகாத துருப்பிடித்த பகுதிவரை போய்க் கிழியும். நல்ல மாஸ்டர் சிலிண்டர் அப்படித்தான் கெட்டுப்போகிறது. ஒரு தடவை ஒரு நாள் முழுக்க ஏர் எடுத்தும் காற்று போகவில்லை. கடைசியில் பார்த்தால், முன்சக்கரத்து டிஸ்க்கைக் கவ்விப் பிடிக்கும் காலிப்பர் இரண்டையும் நானே இடம் வலம் மாற்றி மாட்டியிருக்கிறேன். காற்றை வெளியே விடும் நிப்பிள் அடியில், காற்று மேலே!

பிரேக் ஆயில் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சிக்கொண்டே இருக்கும். நம் குமரி மாவட்டத்துக்கோ இரண்டு பருவமழையும் உண்டு. டாட் 3 என்ற ரக பிரேக் ஆயில் புதிதில் 205 டிகிரி வரைக்கும் கொதிக்கக் கூடாது என்பது கணக்கு. ஈரம் ஏறினால் அந்தக் கணக்கே 140-க்கு இறங்கிவிடும். பேச்சிப்பாறைப் பக்கமிருந்து லோடோடு பிரேக்கை அழுத்திக்கொண்டே இறங்கும்போது ஆயில் கொதித்து ஆவியானால், பெடல் சட்டென்று கீழே போகும். கீழே வந்து ஆறவைத்து மிதித்தால் ஒன்றும் தெரியாது. இரண்டு வருடத்துக்கு ஒரு தடவை ஆயிலை மாற்றிவிடுங்கள்.

இன்ஜினை ஸ்டார்ட் செய்ததும் மிதித்திருக்கும் பெடல் கொஞ்சம் இறங்கினால் பயப்பட வேண்டாம், மிதிக்கும் பலத்தைக் கூட்டித் தரும் பூஸ்டர் வேலை செய்கிறது. அப்புறமும் மெல்ல மெல்ல இறங்கிக்கொண்டே போனால்தான் கோளாறு. முதலில் நான்கு சக்கரத்தின் உள்பக்கமும் கசிவு இருக்கிறதா பாருங்கள். எங்கும் ஈரம் இல்லையென்றால் மாஸ்டர் சிலிண்டருக்குள் வாஷர் போயிருக்கும். அந்த வண்டியைப் பட்டறைக்கு ஓட்டி வராதீர்கள். ஆள் அனுப்புங்கள், நாங்களே வந்துவிடுகிறோம். வணக்கம்.