பந்து எந்தப் பக்கம் சுழல்கிறது?

நடுவர் அவர்களே, அவையில் இருக்கும் பெரியவர்களே, நண்பர்களே, வணக்கம்.

'பணியிடத்தில் ஒருவரை உயர்த்துவது வழி சொல்பவரா, கேள்வி கேட்பவரா?' என்பது இன்றைய தலைப்பு. கேள்வி கேட்பவரே என்று பேச வந்திருக்கிறேன். எனக்கு முன்னால் பேசிய எதிரணி அண்ணன் ஒரு போடு போட்டார். "கிணற்றில் விழுந்து தத்தளிக்கிறவனிடம் போய், 'தம்பி, நீ எங்கே போக ஆசைப்படுகிறாய்?' என்று கேட்பீர்களா?" என்றார். நீங்கள் கைதட்டினீர்கள். நானும்தான் தட்டினேன். ஆனால் அண்ணா, அந்த நேரத்தில் நான் கேள்வி கேட்க மாட்டேன், கயிறு போடுவேன். கரையேறித் தலை துவட்டின பிறகுதான் என் கேள்வி. ஏனென்றால் அவர் அதே கிணற்றில் விழுவது இது மூன்றாவது தடவை.

கேள்வி கேட்டே ஒருவரை யோசிக்க வைக்கும் இந்த வேலைக்கு இன்று கோச்சிங் என்று பெயர். முதலில் அந்தச் சொல்லைப் பார்த்துவிடுவோம். நம் ஊரில் கோச்சிங் என்றால் நீட் கோச்சிங், டிஎன்பிஎஸ்சி கோச்சிங். ஹங்கேரியில் கோச் என்றே ஓர் ஊர் இருக்கிறது. 15-ஆம் நூற்றாண்டில் அங்கே செய்த குதிரை வண்டிக்கு அந்த ஊரின் பெயரே நிலைத்தது. நம் தாத்தாக்கள் சொன்ன கோச்சு வண்டி அந்த வழியில் வந்ததுதான். 1830 வாக்கில் ஆக்ஸ்போர்டு மாணவர்கள், தங்களை ஏற்றிக்கொண்டு போய்ப் பரீட்சைக்கு அக்கரையில் இறக்கிவிடும் ஆசிரியரைக் கிண்டலாக 'கோச்' என்றார்கள். எதிரணி மனதில் வைத்திருப்பது அந்த 1830 வண்டியை. பயணி தூங்கலாம், வண்டிக்காரர் பார்த்துக்கொள்வார். இன்றைய தொழில்முறைக் கோச்சிங்கில் கடிவாளம் பயணியின் கையில். கோச் பக்கத்தில் உட்கார்ந்து வருகிறவர்.

அப்படியானால் வண்டி பள்ளத்தில் இறங்கிவிடாதா என்று கேட்பீர்கள். தெருவில் மகனுக்குக் கிரிக்கெட் சொல்லித்தரும் அப்பாவைப் பார்த்திருக்கிறீர்கள்தானே? "பந்தைப் பாருடா, பந்தைப் பாரு!" என்று தொண்டை கிழியக் கத்துவார். பையன் பந்தைப் பார்ப்பதில்லை, அப்பாவைப் பார்க்கிறான். பயத்தில் கை இறுகிப்போகிறது. டிமோதி கால்வே என்கிற அமெரிக்க டென்னிஸ் பயிற்சியாளர் 1970-களிலேயே இதைக் கண்டுகொண்டார். அவரிடமிருந்து கற்றவர் ஜான் விட்மோர், இங்கிலாந்தின் கார் பந்தய வீரர். அவர் அந்தக் கட்டளையைக் கேள்வியாக மாற்றச் சொன்னார். "பந்து எந்தப் பக்கம் சுழன்று வருகிறது? வலையைத் தாண்டும்போது எவ்வளவு உயரத்தில் இருக்கிறது?" இதற்குப் பதில் சொல்ல வேண்டுமானால் பையன் பந்தைப் பார்த்தே ஆக வேண்டும். தப்ப வழியே இல்லை. கண் தானாகப் போகும், கை தானாக இளகும். அந்த டென்னிஸ் மைதானத்திலிருந்து புறப்பட்ட கேள்விதான் அலுவலகத்துக்குள் நுழைந்து, உங்கள் இலக்கு என்ன, இப்போது நிலவரம் என்ன, என்னென்ன வழிகள் உண்டு, எதைச் செய்யப்போகிறீர்கள் என்ற நான்கு படிகளாக நிற்கிறது.

எதிரணியில் பேசிய சகோதரி ஒரு வலுவான சாட்சியை நிறுத்தினார், மறுக்கவில்லை. பாஸ்டன் நகரத்து அறுவைச் சிகிச்சை நிபுணர் அதுல் கவாண்டே. தைராய்டு அறுவையை ஏறக்குறைய ஆயிரம் தடவை செய்தவர். ஓய்வுபெற்ற தன் பழைய ஆசிரியர் ராபர்ட் ஆஸ்டீனை அழைத்து, 'நான் செய்வதைப் பார்த்துச் சொல்லுங்கள்' என்று கேட்டுக்கொண்டதை 2011-இல் அவரே எழுதியிருக்கிறார். "பார்த்தீர்களா, அங்கேயும் குறை சொல்ல ஒரு பெரியவர்தானே தேவைப்பட்டார்?" என்றார் சகோதரி. சரி, ஆஸ்டீன் சொன்னதைப் பார்ப்போம். மேலே தொங்கும் விளக்கு அறுவை செய்யும் இடத்தைவிட்டு விலகி ஏறக்குறைய அரைமணி நேரம் ஆகியிருந்தது, கவாண்டே அதைக் கவனிக்கவே இல்லை. முழங்கை எங்கே இருக்கிறது என்பதையும் கவனிக்கச் சொன்னார். அந்தப் பெரியவர் கத்தியைக் கையில் வாங்கவில்லை, 'என் காலத்தில்' என்று ஆரம்பிக்கவும் இல்லை. கண்ணில் பட்டதைத் திருப்பிக் கொடுத்தார், மற்றதைக் கவாண்டே பார்த்துக்கொண்டார். சகோதரி, உங்கள் சாட்சியை எங்கள் பக்கம் அனுப்பிவையுங்கள்.

"எவர் வேண்டுமானாலும் கோச் என்று போர்டு மாட்டிக்கொள்ளலாமே?" என்றும் கேட்டார்கள். மாட்டலாம், தடுக்கச் சட்டம் இல்லை. இதில் எனக்கும் வருத்தம்தான். ஆனால் 1995-இல் தொடங்கிய சர்வதேசக் கோச்சிங் கூட்டமைப்பு சான்றிதழுக்கு அளவு வைத்திருக்கிறது. முதல் படிக்கே 60 மணி நேரப் படிப்பு, 100 மணி நேர அனுபவம். உச்சப் படிக்கு 2,500 மணி நேர அனுபவம். ரகசியம் காப்பது அதன் நெறிகளில் ஒன்று.

அந்த ரகசியம் எப்படியிருக்கும் என்பதை நான் நேரில் பார்த்தேன். திருப்பூரில் ஒரு பனியன் ஏற்றுமதி நிறுவனத்தில் மெர்ச்சண்டைசர்களுக்கு, அதாவது ஆர்டரை வாங்குபவருக்கும் தொழிற்சாலைக்கும் நடுவில் நின்று முடித்துக் கொடுப்பவர்களுக்கு, தலைவனாக இருக்கிறேன். நிறுவனம் எனக்கு ஒரு கோச்சை அமர்த்தியது, பணம் முதலாளியுடையது. ஒருநாள் வராந்தாவில் முதலாளி, "நம்ம ஆள் எப்படிங்க போறாரு?" என்று கோச்சிடம் கேட்டார். அந்த அம்மா சிரித்துக்கொண்டே, "அவரையே கேளுங்க சார்" என்று நகர்ந்துவிட்டார். அன்றைக்குப் பிறகுதான் நான் வாயைத் திறந்தேன்.

திறந்து என்ன சொன்னேன்? புலம்பினேன். என் பிரிவில் ஒரு தம்பி, தொட்டதற்கெல்லாம் போன் போடுவார். "அண்ணா, ஷேடு மாறி வந்திருக்கு, என்ன பண்ணட்டும்? அண்ணா, பட்டன் வரலை, என்ன பண்ணட்டும்?" நானும் சளைக்காமல் சொல்லிக்கொண்டே இருந்தேன், எதிரணி பெருமைப்படும்படி. கோச் முழுவதும் கேட்டுவிட்டு, "உங்ககிட்ட வர்றதுக்கு முன்னாடி அவர் என்ன யோசிச்சிருந்தார்னு எப்பவாவது கேட்டிருக்கீங்களா?" என்றார். எனக்குப் பதில் வரவில்லை. அவரும் எடுத்துக் கொடுக்கவில்லை. மேஜையில் இருந்த டீ ஆடை கட்டும்வரை இரண்டு பேரும் சும்மா உட்கார்ந்திருந்தோம்.

போன வாரம் அந்தத் தம்பி இரண்டு துணித் துண்டுகளோடு வந்தார். "அண்ணா, டையிங்ல ஷேடு கொஞ்சம் அடர்த்தியா வந்துடுச்சு. திரும்பச் சாயம் போட்டா நாலு நாள் போயிடும். ஆர்டர் கொடுத்தவங்களுக்கு இந்தத் துண்டை அனுப்பி ஓகே கேட்கலாம். இல்லைன்னா இந்த லாட்டை மட்டும் தனியா ஒரே சைஸுக்கு வெட்டிடலாம், கலக்காது. எனக்குத் துண்டை அனுப்பிக் கேட்கறதுதான் சரின்னு படுது."

என்னிடம் நாலாவதாக ஒரு வழி இருந்தது. நாக்கு நுனி வரை வந்துவிட்டது. "சரி, அனுப்பு" என்றேன்.

நடுவர் மணியைப் பார்க்கிறார். நன்றி, வணக்கம்.