கெடு எந்த நாளிலிருந்து?

நேயர்களுக்கு வணக்கம். நான் வக்கீல். கையில் இருக்கிற கட்டுகளில் பாதிக்கு மேல் நுகர்வோர் வழக்குகள். சிகிச்சையில் தவறு நடந்துவிட்டது என்று நினைக்கிறவர்கள் எத்தனை நாளுக்குள் வழக்குப் போட வேண்டும் என்று பேசச் சொல்லி அழைத்திருக்கிறார்கள்.

சில மாதங்களுக்கு முன்னால் ஒருவர் என்னைப் பார்க்க வந்தார். கையில் மஞ்சள் பை. ஸ்கேன் படம், மருந்துச் சீட்டு, மெடிக்கல் ஷாப் பில் எல்லாவற்றையும் தேதிவாரியாக அடுக்கி நூல் போட்டுக் கட்டியிருந்தார். மனைவிக்கு ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் கர்ப்பப்பை ஆபரேஷன் நடந்திருக்கிறது. அதில் சிறுநீர்க் குழாயில் காயம் பட்டு, வேறொரு ஆஸ்பத்திரியில் மறுபடியும் கத்தி வைக்க வேண்டியதாகிவிட்டது. முதல் ஆபரேஷன் தேதியைப் பார்த்தேன். 2 வருடம் 3 மாதம் ஆகியிருந்தது. இவ்வளவு ஒழுங்கான மனிதர் ஏன் தாமதித்தார்? கேட்டேன். “பேசி முடிச்சுக்கலாம்னு சொன்னாங்க சார். நோட்டீஸ்கூட அனுப்பிட்டேனே” என்றார்.

பலர் ஏமாறுகிற இடம் இதுதான். வக்கீல் நோட்டீஸ் அனுப்பிவிட்டால் கெடு நின்றுவிடும் என்று நினைக்கிறோம். நிற்காது. கலெக்டரிடம் மனு கொடுத்தாலும் நிற்காது, மருத்துவக் கவுன்சிலில் புகார் செய்தாலும் நிற்காது. ஆஸ்பத்திரி நிர்வாகம் ‘அடுத்த வாரம் வாங்க’ என்று சொல்லிக்கொண்டே இருக்கும்போதும் நாள் ஓடிக்கொண்டுதான் இருக்கும்.

2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின் 69-ஆவது பிரிவு 2 வருடம் என்கிறது. 1986-ஆம் ஆண்டுப் பழைய சட்டத்திலும் இதே அளவுதான். காசு வாங்கிக்கொண்டு செய்யும் மருத்துவமும் இந்தச் சட்டத்துக்குள் வரும் என்று உச்ச நீதிமன்றம் 1995-இல் தீர்ப்புச் சொன்னது. அதனால்தான் இந்த வழக்குகள் நுகர்வோர் கோர்ட்டுக்கு வருகின்றன. ஆணையம் என்று பெயர் மாறினாலும் ஊரில் எல்லோரும் கோர்ட் என்றுதான் சொல்கிறார்கள், நானும் அப்படியே சொல்கிறேன்.

சரி, 2 வருடம் எந்த நாளிலிருந்து? வியாஜ்ய மூலம், அதாவது வழக்குப் போடுவதற்கான காரணம், எழுந்த நாளிலிருந்து என்கிறது சட்டம். வலது காலுக்குப் பதில் இடது காலில் ஆபரேஷன் செய்துவிட்டால் அன்றைக்கே தெரிந்துவிடும். வயிற்றுக்குள் எதையோ வைத்துத் தைத்துவிட்டால்?

அப்படி ஒரு வழக்கு உச்ச நீதிமன்றம் வரைக்கும் போனது. கோவா அரசு ஆஸ்பத்திரி நர்ஸ் ஒருவருக்கு 1993-இல் பித்தப்பைக் கல் ஆபரேஷன். அதற்கப்புறம் வயிற்று வலி. வலி மாத்திரை போட்டுக்கொண்டே 9 வருடம் ஓட்டியிருக்கிறார். 2002-இல் ஸ்கேன் எடுத்து, மறுபடி ஆபரேஷன் செய்தபோது உள்ளே ரத்தம் ஒற்றும் காஸ் துணி இருந்தது. 2004-இல் வழக்குப் போட்டார். துணி இருப்பது தெரிந்த நாளிலிருந்துதான் கெடு என்பது அவர் வாதம். மாநில ஆணையம் காலம் கடந்துவிட்டது என்று தள்ளியது, தேசிய ஆணையம் விசாரிக்கச் சொன்னது. 2010-இல் உச்ச நீதிமன்றம் அந்த அம்மாவுக்கு எதிராகத் தீர்ப்பளித்தது.

அந்தத் தீர்ப்பு ஒரு நல்ல விதியையும் சொல்கிறது. வெளிப்படையாகத் தெரியும் பாதிப்பு என்றால் சம்பவம் நடந்த நாளிலிருந்து கணக்கு. உள்ளே மறைந்திருக்கும் பாதிப்பு என்றால் கண்டுபிடித்த நாளிலிருந்து, அல்லது ஓரளவு கவனம் எடுத்திருந்தால் கண்டுபிடித்திருக்கக்கூடிய நாளிலிருந்து. இந்தக் கடைசித் துண்டில்தான் அவர் தோற்றார். அனுபவமுள்ள நர்ஸ், இத்தனை வருடம் வலியோடு இருந்தும் ஆபரேஷன் செய்த டாக்டரிடம் ஏன் போகவில்லை என்று கேட்டது கோர்ட். எனக்கு இது கொஞ்சம் கடுமையாகத்தான் படுகிறது. வலியைப் பொறுத்துக்கொண்டு வேலைக்குப் போகிற பெண்கள் நம் வீட்டிலும் இருக்கிறார்கள். ஆனால் இன்றைக்கும் எதிர்த்தரப்பு வக்கீல் தூக்கிக் காட்டுவது இந்தத் தீர்ப்பைத்தான். அதனால், ஆபரேஷனுக்குப் பிறகு வலி இருந்தால் திரும்பப் போய்க் காட்டுங்கள், போனதற்குச் சீட்டும் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.

அரசு ஆஸ்பத்திரியில் எல்லோருக்கும் இலவசமாகத் தரும் சிகிச்சை நுகர்வோர் சட்டத்துக்குள் வராது. அங்கே சிவில் கோர்ட். காலவரையறைச் சட்டப்படி பொதுவாக 3 வருடம். நோயாளி இறந்துபோய் குடும்பத்தார் வழக்குப் போடுவதானால் இறந்த நாளிலிருந்து 2 வருடம்தான். அரசு மேல் வழக்கு என்றால் முதலில் 2 மாத நோட்டீஸ் கொடுக்க வேண்டும். இந்த ஒரு நோட்டீஸுக்கு மட்டும் சட்டம் விதிவிலக்குத் தருகிறது, அந்த 2 மாதம் கெடுவில் சேராது.

பிரசவத்தில் குழந்தைக்குப் பாதிப்பு என்றால், சிவில் கோர்ட்டில் அந்தக் குழந்தைக்கு 18 வயது ஆகி மேலும் 3 வருடம் வரை இடமுண்டு. கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் உள்நோயாளிகளின் கேஸ் ஷீட்டை, சிகிச்சை தொடங்கிய நாளிலிருந்து 3 வருடம் பாதுகாத்தால் போதும் என்று டாக்டர்களுக்கான 2002-ஆம் ஆண்டு நெறிமுறை விதி சொல்கிறது. 18 வயதில் பிள்ளை கேட்கப் போனால் அங்கே என்ன இருக்கும்? அந்த விதியே இன்னொன்றும் சொல்கிறது: நோயாளி கேட்டால் 72 மணி நேரத்துக்குள் ஆவணங்களைக் கொடுக்க வேண்டும். டிஸ்சார்ஜ் சம்மரி மட்டும் போதாது. கேஸ் ஷீட், ஆபரேஷன் குறிப்பு, மயக்க மருந்துக் குறிப்பு, நர்ஸ் எழுதிய சார்ட் எல்லாவற்றின் நகலையும் எழுத்து மூலம் கேளுங்கள். ஸ்பீட் போஸ்டில் அனுப்பி, போய்ச் சேர்ந்ததற்கான அத்தாட்சியைப் பத்திரமாக வையுங்கள்.

இன்னொரு விஷயம். நீங்கள் வசிக்கும் மாவட்டத்திலேயே நுகர்வோர் வழக்கைப் போடலாம். சென்னையில் சிகிச்சை என்பதற்காகச் சென்னைக்கு அலைய வேண்டாம். சிகிச்சைக்குக் கட்டிய தொகை 5 லட்சம் ரூபாய் வரை என்றால் கோர்ட்டுக் கட்டணமும் கிடையாது. அப்புறம் ஏன் தள்ளிப்போடுவது?

கெடு தாண்டிவிட்டால் கதவு முழுக்க மூடிவிடாது. போதுமான காரணம் காட்டித் தாமதத்தை மன்னிக்கக் கோரும் மனு போடலாம். ஏற்பதா வேண்டாமா என்பது ஆணையத்தின் கையில். எதிர்த்தரப்பு ஆட்சேபிக்காவிட்டாலும் கெடுவை ஆணையமே பார்த்தாக வேண்டும். ‘சட்டம் தெரியாது’ என்பது அங்கே காரணமாகாது, ‘பேசிக்கொண்டிருந்தோம்’ என்பதை நம்பியும் போக முடியாது.

மஞ்சள் பைக்காரருக்கும் அந்த மனுதான் போட்டிருக்கிறோம். பேச்சுவார்த்தை பற்றி அதில் ஒரு வரிகூட எழுதவில்லை. இரண்டாவது ஆபரேஷனுக்குப் பிறகு 5 மாதம் அவர் மனைவி எழுந்து நடமாட முடியாமல் இருந்தார். அதற்கு இரண்டாவது ஆஸ்பத்திரியின் டிஸ்சார்ஜ் சம்மரியும், அவர் நூல் கட்டி வைத்திருந்த பில்களும் சாட்சி. எதிர்த்தரப்பு ஆட்சேபணை தாக்கல் செய்துவிட்டது. அடுத்த மாதம் வாய்தா.

நன்றி, வணக்கம்.